புதிய பதிப்பு, பழைய கணக்கு: ஆண்டு நூல்களில் தேங்கி நிற்கும் 2011

புது தில்லி: ஆண்டுதோறும் தகவல் களஞ்சியங்களின் புதிய பதிப்புகள் கடைக்கு வருகின்றன. மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு 1953 முதல் வெளியிட்டு வரும் "இந்தியா" ஆண்டு நூல், மலையாள மனோரமா குழுமத்தின் "இயர் புக்" எனப் பல நூல்களை ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படிப்போர் வாங்குகின்றனர். ஆளுநர்கள், முதல்வர்கள், விருதாளர்கள், விளையாட்டுச் சாதனைகள், மறைந்த தலைவர்கள் என அட்டவணைகள் புதுப்பிக்கப்படுகின்றன. மாறாமல் நிற்பது ஒரே ஒரு பகுதி. அது மக்கள்தொகை.

நாட்டின் மக்கள்தொகை 121 கோடி என்பது 2011-ம் ஆண்டுக் கணக்கு. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை தவறாமல் நடந்து வந்த கணக்கெடுப்பு, முதல் முறையாக 2021-ல் நடைபெறவில்லை. முதலில் கரோனா தொற்று காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் பலமுறை ஒத்திப்போடப்பட்டது. புதிய கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16-ம் தேதி வெளியானது. பெரும்பாலான பகுதிகளுக்கு 2027 மார்ச் 1-ம் தேதியை அது கணக்கீட்டு நாளாக நிர்ணயித்தது. இதனால் அட்டையில் புதிய ஆண்டைத் தாங்கி வந்த ஒவ்வொரு பதிப்பும், உள்ளே பழைய இந்தியாவையே சுமந்து வந்தது.

இது புத்தகப் பதிப்பாளர்களின் சங்கடம் மட்டுமன்று. ரேஷன் அரிசி, மக்களவைத் தொகுதி, தாய்மொழிப் பள்ளி, குடிசைவாசிக்கு வீடு ஆகிய அனைத்தும் ஏதோ ஓர் ஆண்டின் கணக்கைச் சார்ந்தே தீர்மானிக்கப்படுகின்றன. அதன் விளைவு என்ன என்பதை மும்பைத் தமிழர்கள் வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

மும்பையில் தொடங்கிய மரபு

இந்தியாவில் ஆண்டு நூல் மரபு வேரூன்றிய நகரங்களுள் மும்பை முதன்மையானது. "டைம்ஸ் ஆஃப் இந்தியா" ஆசிரியராக இருந்த ஸ்டான்லி ரீட், 1914-ல் "இந்தியன் இயர் புக்" என்ற நூலைத் தொடங்கினார். பென்னட், கோல்மன் நிறுவனம் அதை வெளியிட்டது. மாகாணங்கள், சமஸ்தானங்கள், ரயில்வே, பாசனம், வர்த்தகம், பிரமுகர்கள் வரிசை என அன்றைய ஆட்சிக்குத் தேவையான அனைத்தும் அதில் அடங்கியிருந்தன.

நாடு மாறியபோது நூலின் பெயரும் மாறியது. பிரிவினைக்குப் பின் சில ஆண்டுகள் "இந்தியா, பாகிஸ்தான் இயர் புக்" என்ற பெயரில் வெளிவந்தது. பின்னர் "டைம்ஸ் ஆஃப் இந்தியா டைரக்டரி அண்ட் இயர் புக்" ஆனது. 1980-களில் அந்த வரிசை நின்றுபோனது. இன்று அதன் பழைய பதிப்புகள் ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம். ஓர் ஆண்டில் அரசு எதை எண்ணியது, எதை எண்ணாமல் விட்டது என்பதை அவற்றிலிருந்து அறிய முடிகிறது.

தென்னகத்திலும் இத்தகைய மரபு இருந்தது. 19-ம் நூற்றாண்டில் சென்னையில் "அசைலம் பிரஸ் அல்மனாக்" என்ற விவரத் தொகுப்பு ஆண்டுதோறும் அச்சாகி வந்தது. பஞ்சாங்கமும் விவர நூலும் கலந்த வடிவத்துக்கு இன்றும் மும்பையே தலைமையிடம். ஜெயந்த்ராவ் சால்கோங்கர் 1973-ல் மராத்தியில் தொடங்கிய "காலநிர்ணய்" நாட்காட்டி இப்போது தமிழ் உள்பட பல மொழிகளில் வெளிவருகிறது.

உலக அளவில் "வேர்ல்ட் அல்மனாக்", "விட்டேக்கர்ஸ் அல்மனாக்" ஆகிய இரண்டும் 1868-ல் தோன்றியவை. அமெரிக்க அரசு 1878 முதல் வெளியிட்டு வந்த புள்ளிவிவரத் தொகுப்பு, நிதி நிறுத்தப்பட்டதால் 2012 பதிப்புடன் அரசின் கையை விட்டுப் போனது. அதைத் தனியார் நிறுவனம் ஒன்று தொடர்ந்தது. தொகுப்பு நூலைத் தனியார் தொடர முடியும். ஆனால், அதற்கு அடிப்படையான கணக்கை அரசு மட்டுமே எடுக்க முடியும். இந்தியாவில் நேர்ந்தது இரண்டாவது வகைச் சிக்கல்.

தொகுப்பாளரின் திண்டாட்டம்

ஆண்டு நூலின் புதிய பதிப்பு முற்றிலும் புதிதாக எழுதப்படுவதில்லை. முந்தைய பதிப்பின் பக்கங்களில் மாறியவற்றைத் திருத்துவதே தொகுப்பாளர்களின் வேலை. அந்த மாற்றங்களும் சிறியவை அல்ல. 2000-ம் ஆண்டு நவம்பரில் மட்டும் மூன்று புதிய மாநிலங்கள் உதயமாயின. 2014-ல் தெலங்கானா பிறந்தது. 2019-ல் ஜம்மு-காஷ்மீர் இரு யூனியன் பிரதேசங்களானது. 2020-ல் தாத்ரா நாகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாயின.

எல்லைகள் மாறுகின்றன; எண்கள் மாறவில்லை. இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. 2011 கணக்கெடுப்பின்போது தமிழகத்தில் 32 மாவட்டங்கள் இருந்தன. 2020-ல் அந்த எண்ணிக்கை 38 ஆனது. தாராவித் தமிழர்களில் பெரும் பகுதியினரின் பூர்விகம் திருநெல்வேலி மாவட்டம். 2011-ல் அதன் மக்கள்தொகை சுமார் 30.77 லட்சம். 2019 நவம்பரில் அதிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே அந்த எண்ணை அப்படியே அச்சிட்டால், இன்று இல்லாத ஒரு மாவட்டத்தின் கணக்கை அச்சிடுவதாகிறது. வட்டவாரியாகப் பிரித்துக் கூட்டலாம் என்றாலும், அதுவும் 2011-ன் கணக்காகவே இருக்கும்.

மகாராஷ்டிரத்திலும் இதே நிலைதான். 2011-ல் அங்கு 35 மாவட்டங்கள் இருந்தன. 2014-ல் தாணேயிலிருந்து பால்கர் பிரிந்ததால் 36 ஆயின.

எந்த அட்டவணையிலும் இல்லாத தமிழர்

2011 கணக்கின்படி மும்பை மாநகரின் மக்கள்தொகை 1,24,42,373. இது இரு மாவட்டங்களின் கூட்டுத்தொகை. மும்பை நகர மாவட்டத்தில் 30.85 லட்சம் பேரும், புறநகர் மாவட்டத்தில் 93.57 லட்சம் பேரும் வசித்தனர். தாராவியும் மாதுங்காவும் நகர மாவட்டத்தில் உள்ளன. செம்பூர் புறநகர் மாவட்டத்தில் உள்ளது. நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-ல் 33.38 லட்சமாக இருந்து, பத்தாண்டுகளில் இரண்டரை லட்சம் குறைந்தது. புறநகரோ ஏழு லட்சம் கூடியது.

இந்த நகர்வு தமிழர்களின் வாழ்விலும் பிரதிபலித்தது. நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு அமைத்த மாதுங்கா, அலுவலகப் பணிக்கு வந்த தென்னிந்திய நடுத்தர வர்க்கத்தின் முதல் குடியிருப்பானது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கு 1932-ல் தொடங்கப்பட்டது. சண்முகானந்தா அரங்கம் அருகிலேயே உள்ளது. தோல் பதனிடும் தொழிலுக்காக நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள் தாராவியில் குடியேறினர். அடுத்தடுத்த தலைமுறையினர் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, நவி மும்பை எனப் பரவினர்.

மும்பையில் எத்தனை தமிழர்கள் என்ற கேள்விக்கு அரசியல் மேடைகளில் ஒவ்வொருவர் ஒவ்வொரு எண்ணைக் கூறுவது வழக்கம். ஆனால் 2011 மொழிக் கணக்கின்படி, மகாராஷ்டிரம் முழுவதிலும் தமிழைத் தாய்மொழியாகப் பதிவு செய்தவர்கள் சுமார் 5 லட்சம் பேரே. அந்த மொழிக் கணக்கு வெளியானதோ 2018 ஜூனில். எண்ணி முடித்து ஏழாண்டுகள் கழிந்த பின்னரே அது மக்கள் பார்வைக்கு வந்தது. அடுத்த மொழிக் கணக்குக்கும் அதே அளவு காலம் பிடித்தால், 2030-களின் தொடக்கத்திலும் ஆண்டு நூல்கள் 2011-ன் மொழி அட்டவணையையே அச்சிட வேண்டியிருக்கும்.

மொழிச் சிறுபான்மையினருக்கு இது வெறும் பெருமைக்குரிய விஷயமன்று. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்துதர வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 350-ஏ பிரிவு. ஒரு வகுப்பில் 10 மாணவர்கள் அல்லது ஒரு பள்ளியில் 40 மாணவர்கள் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் தேவை என்பது 1950-களிலேயே ஏற்கப்பட்ட நெறி. மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. எந்தப் பகுதியில் தேவை குறைகிறது, எங்கே கூடுகிறது என்பதற்கு அண்மைக் கணக்கு இல்லாவிட்டால், உள்ள பள்ளியைக் காப்பாற்றவும் புதிய பள்ளி கோரவும் ஆதாரம் கிடைக்காது.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. தாராவி, சயான்-கோலிவாடா, வடாலா, மாஹிம், செம்பூர், அணுசக்தி நகர் ஆகிய ஆறு சட்டப்பேரவைத் தொகுதிகளும் தென்-மத்திய மும்பை என்ற ஒரே மக்களவைத் தொகுதிக்குள் அடங்குகின்றன. தமிழர் வாழும் பகுதிகள் இரு மாவட்டங்களாகப் பிரிந்து கிடந்தாலும், நாடாளுமன்றத்தில் பெரும்பாலும் ஒரே உறுப்பினராலேயே பிரதிநிதித்துவம் பெறுகின்றன. சயான்-கோலிவாடாவில் பாரதிய ஜனதாவின் தமிழ்ச்செல்வன் 2014, 2019, 2024 தேர்தல்களில் தொடர்ந்து வென்றார். 2024 மக்களவைத் தேர்தலில் இத்தொகுதியில் உத்தவ் சேனையின் அனில் தேசாய் வெற்றி பெற்றார்.

பட்டியல் ஆயுதமானபோது

விவரங்கள் எப்போதும் நடுநிலையாகவே பயன்படுவதில்லை என்பதையும் மும்பைத் தமிழர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். பால் தாக்கரே 1960-ல் தொடங்கிய "மார்மிக்" வார இதழ், நகரின் பெரிய நிறுவனங்களில் உயர் பதவி வகித்தோரின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. தென்னிந்தியப் பெயர்களே அவற்றின் இலக்கு. 1966 ஜூனில் பிறந்த சிவசேனைக்கு அந்தப் பட்டியல்கள் களம் அமைத்துக் கொடுத்தன.

பட்டியலில் இருந்த பெயர்கள் உண்மையானவையே. ஆனால் அவை முழு உண்மையைச் சொல்லவில்லை. 1961 கணக்கெடுப்பில் மும்பையில் மராத்தி பேசுவோர் சுமார் 43 சதவீதம். தென்னிந்திய மொழிகள் நான்கையும் பேசுவோர் சேர்ந்தும்கூடப் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. அவர்களிலும் பெரும்பாலோர் அதிகாரிகள் அல்லர். தாராவியில் தோல் பதனிட்டவர் பெயர் எந்த நிறுவனப் பட்டியலிலும் இடம்பெறவில்லை; ஆனால் வெறுப்பின் பங்கு அவருக்கும் வந்து சேர்ந்தது. முழுக் கணக்கைப் புறந்தள்ளி, துண்டுப் பட்டியலை மட்டும் முன்வைத்தால் நேரும் விபரீதத்துக்கு இது ஒரு பாடம்.

மக்களே எடுத்த கணக்கு

அரசின் கணக்கு போதாதபோது மக்களே எண்ணத் தொடங்கிய வரலாறும் இங்கு உண்டு. அதன் நாயகர் கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜாக்கின் அற்புதம்.

செம்பூரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அருகே ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதி இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், சுமார் 70 ஆயிரம் பேர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு சீட்டா கேம்ப் என்ற இடத்துக்கு அனுப்பப்பட்டனர். அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடிய ஜாக்கின், பின்னர் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை வழிநடத்தினார்.

1985-ல் மும்பை வந்த அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி, நகரின் மேம்பாட்டுக்கு ரூ. 100 கோடி அறிவித்தார். அதில் தாராவிக்கு ரூ. 37 கோடி ஒதுக்கப்பட்டது. எத்தனை குடும்பங்களுக்கு இந்தப் பணம் என்ற கேள்வி எழுந்தது. அதிகாரிகளின் மதிப்பீட்டை ஏற்காத கூட்டமைப்பு, 1986-ல் தானே தெருத்தெருவாகக் கணக்கெடுத்தது. 80,518 கட்டுமானங்கள், 1,06,045 குடும்பங்கள், 5,30,225 மக்கள் என அந்தக் கணக்கு முடிந்தது. அரசு மதிப்பீட்டைக் காட்டிலும் இது மிக அதிகம் என்பது குறிப்பிடத்தக்கது.

தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்ளும் இந்த முறை பின்னர் பல நாடுகளின் குடிசைவாசிகள் அமைப்புகளுக்கு முன்மாதிரியானது. ஜாக்கின் அற்புதத்துக்கு 2000-ல் மகசேசே விருதும், 2011-ல் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டன. 2018-ல் அவர் காலமானார்.

தேதியே தலையெழுத்து

மும்பைக் குடிசைவாசிக்குக் கணக்கு என்பது நேரடியாக வீட்டுப் பிரச்னை. 1976-ல் மகாராஷ்டிர அரசு குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டைகள் வழங்கியது. அட்டை பெற்றவருக்கு மாற்று இடம் கோரும் உரிமை. அட்டை இல்லாதவருக்கு அந்த உரிமை இல்லை. அதன் பின்னர் ஒவ்வோர் ஆட்சியும் ஒரு "கடைசித் தேதி"யை நிர்ணயித்தது. 1995 ஜனவரி 1 என்றிருந்தது, பிறகு 2000 ஜனவரி 1 ஆனது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் அதானி குழுமம் 2022 நவம்பரில் தேர்வானது. திட்ட விதிகளின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். 2000 முதல் 2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு; அதற்கு ரூ. 2.5 லட்சம் செலுத்த வேண்டும். அதன் பின் வந்தவர்களுக்கும் மேல்தளவாசிகளுக்கும் வெளியே வாடகை வீட்டுத் திட்டம். வீடு வீடான கள ஆய்வு 2024 மார்ச்சில் தொடங்கியது.

ஒரே சந்தில் எதிரெதிரே வசிக்கும் இரு குடும்பங்களில், ஒன்று தாராவியில் தங்கவும் மற்றது ஊருக்கு வெளியே போகவும் ஒரு ரசீதின் தேதி போதுமானது. தாராவியின் மக்கள்தொகை குறித்து 3 லட்சம் முதல் 10 லட்சம் வரை பலவித மதிப்பீடுகள் உலவுகின்றன. ஆண்டு நூல்கள் அவற்றில் ஏதேனும் ஒன்றை எடுத்து, எந்த ஆண்டின் மதிப்பீடு, யாருடையது என்று கூறாமல் அச்சிடும்போது, அந்த எண்ணுக்கு இல்லாத அதிகாரம் வந்துவிடுகிறது.

தில்லியின் கணக்கு

பழைய எண்ணின் விலையை நாடு முழுவதும் தருகிறது. 2013-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமங்களில் 75 சதவீதம், நகரங்களில் 50 சதவீதம் வரையிலான மக்களுக்கு மலிவு விலைத் தானியம் வழங்க வகை செய்தது. 2011 கணக்கின்படி இது 81.35 கோடிப் பேர். மக்கள்தொகை பெருகியும் வரம்பு அங்கேயே நின்றது. இதனால் 10 கோடிக்கும் அதிகமானோர் விடுபட்டதாகப் பொருளாதார அறிஞர்கள் ஜான் டிரீஸ், ரீத்திகா கேரா ஆகியோர் 2020-ல் மதிப்பிட்டனர். இந்தியா 2023 ஏப்ரலில் சீனாவை விஞ்சும் என்று ஐ.நா. கணித்தது. உலகின் அதிக மக்கள்தொகை கொண்ட நாடு என்ற தகவலையே நாம் பிறர் மதிப்பீட்டிலிருந்து அறிய வேண்டியிருந்தது.

தமிழகத்துக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. மக்களவை இடங்களின் மாநிலவாரிப் பங்கீடு 1971 கணக்கின் அடிப்படையிலானது. அவசரநிலைக் காலத்தில் 1976-ல் நிறைவேறிய 42-வது திருத்தம் அதை உறையச் செய்தது. 84-வது திருத்தம், 2026-க்குப் பின் நடைபெறும் முதல் கணக்கெடுப்பு வரை அந்த நிலையை நீட்டித்தது. மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வழங்கும் 2023-ம் ஆண்டுத் திருத்தமும் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை ஆகியவற்றுடன் பிணைக்கப்பட்டது. குடும்பக் கட்டுப்பாட்டை முறையாக நிறைவேற்றிய மாநிலங்கள் அதற்காகத் தண்டிக்கப்படலாமா என்ற தமிழகத்தின் கேள்வி இதிலிருந்தே எழுகிறது.

இந்த நிலைப்பாட்டில் ஒரு முரண் இருப்பதையும் மறைப்பதற்கில்லை. தாராவித் தமிழருக்குப் புதிய கணக்கு தேவை. அது வந்தால்தான் ரேஷனும் பள்ளியும் உறுதிப்படும். நெல்லையில் இருக்கும் அவர் உறவினருக்கோ, புதிய கணக்கு மக்களவையில் தம் மாநிலத்தின் குரலைக் குறைத்துவிடுமோ என்ற அச்சம். இதற்குத் தீர்வு எண்ணாமல் விடுவதன்று. எண்ணிய பின் அந்த எண்ணை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதை நாடாளுமன்றம் வெளிப்படையாக விவாதித்து முடிவு செய்வதே முறை.

தொகுப்பாளர்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஒவ்வோர் எண்ணின் அருகிலும் அது எடுக்கப்பட்ட ஆண்டைக் குறிப்பிடலாம். கணக்கு எது, மதிப்பீடு எது எனப் பிரித்துக் காட்டலாம். கணக்கெடுப்புக்குப் பின் உருவான மாவட்டங்களைத் தனிக் குறிப்புடன் தரலாம். நல்ல ஆண்டு நூல்கள் இதைச் செய்கின்றன. எஞ்சியவை அட்டையில் ஆண்டை மாற்றுவதோடு நின்றுவிடுகின்றன. தேர்வு எழுதும் மாணவர் முதல் அவையில் கேள்வி எழுப்பும் உறுப்பினர் வரை அந்தப் பக்கத்தையே நம்புகிறார்கள் என்பதால், ஆண்டு குறிப்பிடாத எண் பிழையான எண்ணுக்குச் சமம்.